மாவில் நடந்து வந்தவள்

ஊரின் தெற்கு எல்லையில், உப்பளங்கள் முடிந்து கடல் தொடங்கும் இடத்தில் இருக்கிற கடற்கரைப் பூங்காவில், மணலில் பதிந்த காலடிகள் தாமாக நடக்கத் தொடங்கியது ஆனி மாதம் மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அது யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை, ஏனென்றால் அதே செவ்வாய்க்கிழமைதான் பூங்காவின் புதுக் கழிப்பறையை மாலை போட்டு, ரிப்பன் வெட்டி, தண்ணீர் மட்டும் இல்லாமல் திறந்து வைத்தார்கள், ஊர் முழுக்க அந்தப் பேச்சாகவே இருந்தது.

கழிப்பறைப் பேச்சு ஓய்ந்த பிறகுதான் கால்களைக் கவனித்தார்கள். வெறுங்காலோடு மணலில் இறங்கியவர்கள் எத்தனை நூறு தடம் பதித்துவிட்டுப் போனாலும், மறுநாள் விடியும்போது ஆளுக்கு ஒரு ஜோடித் தடம்தான் மிஞ்சி நின்றது. அது மழையில் கரையவில்லை, காற்றில் மூடவில்லை. தினமும் விடியலில் அது ஓர் அடி எடுத்து வைத்தது. பெரும்பாலான பாதங்கள் வாசலைப் பார்த்து நடந்து, பத்துப் பதினைந்து நாளில் சிமெண்ட் நடைபாதையில் ஏறிக் காணாமல் போயின, அவற்றுக்கு உரியவர்கள் சுகமாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தார்கள். சில பாதங்கள் மட்டும் கடலைப் பார்த்து நடந்தன.

முதலில் போனவர் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். அவருடைய பாதம் அலையைத் தொட்ட காலையில் அவர் வீட்டில் பாய் சொதசொதவென்று நனைந்திருந்தது, தலையணையில் ஒரு பிடி மணல் இருந்தது, ஆள் இல்லை. உள்ளே தாழ் போட்ட கதவு போட்டபடியே இருந்தது. அடுத்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண், அதற்கடுத்து பூங்கா வாசலில் சுண்டல் விற்ற பொன்னுத்தாய். பொன்னுத்தாயின் சுண்டல் பானை மட்டும் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததாம், இறக்கி வைக்கத்தான் ஆளில்லை.

ஊர் பயந்தது. பயந்தாலும் பூங்காவுக்கு வராமல் இருக்கவில்லை, வேறு போக்கிடம் ஏது? கால் தடங்களைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள், கயிற்றில் 'பாதங்களை மிதிக்காதீர்' என்று போர்டு தொங்கவிட்டார்கள். காலை நடைக்கு வருகிறவர்கள் முதலில் கயிற்றோரம் நின்று தங்கள் பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு, மூச்சு விட்டு, அப்புறம்தான் கை வீசி நடந்தார்கள். சம்பந்தம் பேச வந்தவர்கள் ஜாதகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "பொண்ணு எப்பவாச்சும் மணல்ல எறங்குனதுண்டா?" என்று மெல்லக் கேட்டார்கள். 'பாதம் பார்க்கச் செல்ல வேண்டியிருப்பதால்' என்று எழுதி லீவு கேட்டவர்களுக்கு லீவு கிடைத்தது. காவலாளி மரியதாசுக்கு எல்லாப் பாதமும் அத்துப்படி. "அண்ணாச்சி, ஒங்களுது நேத்தைக்கே சிமெண்ட் ஏறிட்டு, போயி காப்பியக் குடிங்க" என்று அவர் சொன்னால் அந்த ஆள் அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டே இருப்பார். மரியதாஸ் ஒன்றும் சொல்லாமல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தால், அவ்வளவுதான்.

உப்பு வியாபாரி ஒருவர் தன் பாதத்தை மண்வெட்டியால் வெட்டி அள்ளி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். மறுநாள் அது ஓரடிக்குப் பதில் இரண்டடி கடல் பக்கம் முன்னே போய் நின்றது. அதோடு அழிக்கிற வேலையை எல்லாரும் விட்டுவிட்டார்கள். பிள்ளைகளைச் செருப்போடு, இடுப்பில் வைத்துக்கொண்டு, சிமெண்டை விட்டு இறங்காமல் காற்று வாங்கிப் போவது பழக்கமாகிவிட்டது.

நம்பியும் அப்படித்தான் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வருவான். மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தான், ஆள் நெட்டை, கிரைண்டர் கல்லை ஒற்றைக் கையால் தூக்கி வைப்பான், அவன் உள்ளங்கையைப் பார்த்தால் முறம் ஞாபகம் வரும். மகளுக்கு நான்கு வயது. சஷ்விகா என்று அவள் அம்மா போனில் தேடிக் கண்டுபிடித்து வைத்த பெயர் தெருவில் ஒருவர் வாயிலும் நுழையாததால் எல்லாருக்கும் அவள் சச்சு. அம்மா சுகந்தி மஸ்கட்டில் ஒரு வீட்டில், படுக்கையில் கிடக்கிற கிழவியைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம். பாஸ்போர்ட்டை அந்த வீட்டுக்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

கோகுலாஷ்டமி அன்று காலையில் சுகந்தி போனில் வந்து, "பாதம் போடாம விட்டுராதீங்க, பாப்பா இருக்கிற வீடு" என்றாள். அவனுக்கு எங்கே பாதம் போடத் தெரியும்? அவள்தான் அங்கிருந்தபடியே கையை இறுக்க மூடிக் காட்டினாள். "சுண்டுவிரல் பக்கம் மாவுல தொட்டுத் தரையில ஒத்துங்க, அதுக்கு மேல அஞ்சு பொட்டு வைங்க, அம்புட்டுதான். எங்கையி பாப்பா காலு அளவு, பாத்துக்கிடுங்க" என்று மூடிய கையைத் திரையில் ஒட்ட வைத்தாள். சச்சு ஓடி வந்து தன் காலைத் தூக்கி அந்தத் திரையில் வைத்துப் பார்த்தாள், சரியாக இருந்தது, தாயும் மகளும் சிரித்தார்கள்.

நம்பி தன் முறக்கையை எவ்வளவு மடக்க முடியுமோ அவ்வளவு மடக்கி, பூஜை அலமாரியிலிருந்து ஆரம்பித்துப் பின்னால் நகர்ந்து நகர்ந்து வாசல்வரை ஒத்தி முடித்து நிமிர்ந்தபோது, பக்கத்து வீட்டுச் சண்முகவடிவு அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, என்ன செஞ்சு வச்சிருக்கீய? வெரலு பூரா தெருவப் பாத்துல இருக்கு! கிருஷ்ணன் வீட்டுக்குள்ள வரணுமா, வெளிய போகணுமா?"

அவனும் சிரித்துக்கொண்டே ஈரத் துணியால் துடைத்துவிட்டான். மறுபடி போடவில்லை. மாவு தீர்ந்துபோயிருந்தது, கடைக்கும் நேரமாகிவிட்டது.

அன்று சாயங்காலம் பூங்காவில் சுகந்தி மறுபடி போனில் வந்தாள். "கொஞ்சம் கடலக் காட்டுங்களேன், காலையில இருந்து செவத்தையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன்" என்றாள். நம்பி மகளை இடுப்பிலிருந்து இறக்கி நிறுத்திவிட்டு, போனைக் கடலுக்கு நேராகப் பிடித்தான். கப்பலைக் காட்டினான், கலங்கரை விளக்கைக் காட்டினான், "அந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று அவள் கேட்கக் கேட்கத் திருப்பினான். சச்சு செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு, யாரோ தவறவிட்ட மஞ்சள் பலூனுக்குப் பின்னால் மணலில் ஓடியதை முதலில் பார்த்தது மஸ்கட்டில் இருந்தவள்தான். திரைக்குள்ளிருந்து சுகந்தி அலறினாள். நம்பி பாய்ந்து போய்த் தூக்கினான். அதற்குள் அவள் வேண்டிய மட்டும் ஓடியிருந்தாள்.

மறுநாள் விடியலில் மரியதாஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அலையிலிருந்து பத்தொன்பது அடி வைக்கிற தூரம் தள்ளி, பிடி கொழுக்கட்டை போல இரண்டு பாதம், விரல் ஐந்தும் கடலைப் பார்த்தபடி நின்றன.

"பத்தொம்பது நாளு இருக்கே" என்றான் நம்பி.

"இல்லய்யா. வார அமாவாசைக்கு ஏத்தம் பெருசா இருக்கும். கடலே இங்கன வரைக்கும் ஏறி வந்துரும்." மரியதாஸ் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஏழு நாள்னு வச்சுக்கிடும்."

அந்த ஏழு நாளை நம்பி எப்படிக் கழித்தான் என்று கேட்டால், பயந்து பயந்துதான் கழித்தான். ஊர் அவனை விட்டுவிடவில்லை. உப்பளத்துக்காரர்கள் மூட்டை மூட்டையாக மணலைக் கட்டிக் கொண்டுவந்து பாதத்துக்கு முன்னால் சுவர் எழுப்பினார்கள். மறுநாள் பாதம் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றது. மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், அம்மன் கோயிலில் உப்பு கொட்டினார்கள், தர்காவில் தண்ணீர் மந்திரித்துக் கொடுத்தார்கள். பாதம் தன்பாட்டுக்கு நாளைக்கு ஓர் எட்டு வைத்தது. வீட்டில் சச்சு வழக்கம்போல் விளையாடினாள். ஆனால் அவளைக் குளிப்பாட்டிய தண்ணீர் உதட்டில் பட்டபோது கரித்தது. மூன்றாம் நாள் அவள் தலைமுடிக்குள் ஒரு சின்னச் சிப்பி கிடந்தது. ஐந்தாம் நாள் அவள் படுத்திருந்த பாயின் ஓரம் ஈரமாக இருந்தது, சிறுநீர்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மோந்து பார்த்தான். கடல் வாடை. அவன் அந்தப் பாயின் மேலேயே உட்கார்ந்து, பிள்ளை விழித்துவிடக் கூடாதே என்று சத்தமில்லாமல் அழுதான்.

சண்முகவடிவு அக்கா இட்லி கொண்டுவந்தவள் அதைப் பார்த்துவிட்டாள்.  "தம்பி, நான் சொல்லுதேன்னு தப்பா எடுத்துக்கிடாதீய. அன்னைக்கு நீங்க காலத் தெருவப் பாத்துப் போட்டீய. அதுனாலதான்னு நான் சொல்லல. ஆனா போனத வரச் சொல்லுததுக்கு நமக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான. உள்ள வாரமாதிரி போட்டுப் பாருங்களேன். அங்கன இருந்து."

"அங்கன இருந்தா?"

"அங்கன இருந்து வீடு வரைக்கும்."

மூன்று கிலோமீட்டர். நம்பி எழுந்து கடையைத் திறந்தான். பழுது பார்த்து வைத்திருந்த கிரைண்டர் ஒவ்வொன்றிலும் பச்சரிசியைப் போட்டு ஆட்டி, ஆறு வாளி மாவு எடுத்தான். அமாவாசைக்கு முந்தின நாள், தூங்குகிற சச்சுவைச் சண்முகவடிவு அக்காவிடம் விட்டுவிட்டு வந்து, கிழக்கு வெளுக்கும்போது, பாதங்களின் முன்னால் கடலுக்கு முதுகைக் கொடுத்துக் குத்த வைத்து உட்கார்ந்தான். சுகந்தியின் கை அளவை மனதில் வைத்துக்கொண்டு, விரல்களை உடைந்துவிடும்போல மடக்கி, பாதங்களுக்குப் பக்கத்திலேயே, விரல் வாசலைப் பார்க்கும்படி ஒரு ஜோடி ஒத்தினான். அப்புறம் எழுந்து இந்தப் பக்கம் வந்து, கடலைப் பார்க்க உட்கார்ந்து, பின்னால் நகர்ந்து அடுத்ததை ஒத்தினான்.

மணலில் இருந்த பாதங்கள் அடுத்த விடியலுக்குக் காத்திருக்கவில்லை. மெல்லத் திரும்பின. முதல் மாவுப் பாதம், யாரோ எடை வைத்து மிதித்ததுபோல் லேசாக அமுங்கியது.

கயிற்றுக்கு வெளியே நின்ற ஊர் எட்டி எட்டிப் பார்த்தது. நம்பி கடலைப் பார்த்துத்தான் பின்னால் போக வேண்டியிருந்தது, போகப் போக அவன் வைக்கிற ஒவ்வொரு பாதமும் அவன் கண் முன்னாலேயே அமுங்கி அமுங்கி அவனை நோக்கி வந்தது. மேலே ஆள் இல்லை. அமுங்கின பாதத்தில் எங்கிருந்தோ வந்த எறும்புகள் மொய்த்து, ஒரு நிமிஷத்தில் மாவைத் துப்புரவாகத் தின்றுவிட்டன. பாதம் திரும்பிப் போக வழி இல்லாமல் எறும்புகள் தின்றுகொண்டே வந்தன. அவன் நின்றால் அதுவும் நிற்கும், எறும்பு நிற்காது.

பூங்கா வாசல் தாண்டி, உப்பளச் சாலை ஏறி, கூட்டம் அவன் கூடவே நகர்ந்தது. பஸ்ஸை நிறுத்தினார்கள், டிரைவர் இறங்கி வந்து கைகட்டி நின்றார். எருமைகளை ஓட்டிப் போனார்கள், நாய்களை விரட்டினார்கள், சோடா உடைத்து அவன் வாயில் ஊற்றினார்கள், அவன் தலைக்கு மேல் யார் யாரோ குடை பிடித்தார்கள். தார் சாலை கொதித்தது. மாவில் ஊறி, தாரில் உரசி, அவன் கை உச்சிவேளைக்குள் வீங்கத் தொடங்கியது. விரல்கள் முன்னைப்போல் மடங்கவில்லை.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் மரியதாஸ்தான் அவன் காதருகில் குனிந்தார். "யய்யா, காலு பெருசாயிட்டே வருதே."

நம்பி பார்த்தான். பூங்காவில் பிடி கொழுக்கட்டையாகத் தொடங்கிய பாதம் இப்போது பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையின் பாதமாக இருந்தது. அது அப்படியே அமுங்கியது. பெரிய பாதத்துக்குத் தகுந்தபடி, முன்னைவிடக் கனமாக அமுங்கியது. நம்பி கையை உதறினான், மடக்கிப் பார்த்தான், பல்லால் கடித்து மடக்கப் பார்த்தான், முடியவில்லை.

தெருப் பெண்கள் ஓடி வந்தார்கள். "எங்கையி சின்னக் கை, நான் போடுதேன் அண்ணாச்சி" என்று ஒருத்தி உட்கார்ந்து, அழகாக, அளவாக, நான்கு வயதுப் பாதம் ஒன்று ஒத்தினாள். அது அமுங்கவில்லை. காத்திருந்தார்கள். கடைசியாக அமுங்கிய பாதத்தின் விரல்கள், எறும்புகளுக்கு நடுவில், மெல்ல மெல்லக் கடல் பக்கமாகத் திரும்பத் தொடங்கின. "அழிங்க, அழிங்க!" என்று மரியதாஸ் கத்தினார். நம்பி அவள் போட்டதைத் தேய்த்து அழித்துவிட்டு, வீங்கிய தன் கையை வாளிக்குள் விட்டான். அப்புறம் அவன் அளவைப் பார்க்கவில்லை. வந்தால் போதும், எப்படி வந்தாலும் வரட்டும் என்று ஒத்திக்கொண்டே பின்னால் போனான்.

பொழுது சாயும் நேரத்தில் தன் வீட்டு நடையில் கடைசி ஜோடியை ஒத்தினான். ஆறாவது வாளியில் வழித்தெடுத்த மாவு அதற்குத்தான் போதுமானதாக இருந்தது. அது அமுங்கியது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. எறும்புகள் வாசலோடு நின்றுவிட்டன.

சண்முகவடிவு அக்கா உள்ளேயிருந்து வந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. "காலையில இருந்து ஒறங்குதா தம்பி. படுத்த வாக்குலயே காலு ரெண்டும் நடந்துக்கிட்டே இருக்கு. நான் எழுப்பிப் பாத்தேன், எழுந்திரிக்கல." குரல் தாழ்ந்தது. "கவுன மூணு தரம் மாத்திட்டேன். கடைசியா எம்மவ பாவாட சட்டையத்தான் எடுத்துப் போட்டேன்."

பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தது பத்து வயதுப் பெண். சுகந்தியின் நெற்றி, அவனுடைய மூக்கு. பால் பற்கள் விழுந்து பெரிய பற்கள் முளைத்திருந்தன, எப்போது விழுந்தன என்று அவனுக்குத் தெரியாது. பாய் காய்ந்து கிடந்தது. நம்பி அதைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தான்.

"எம்புட்டுத் தூரம்ப்பா," என்றாள் அவள். குரல் புதிதாக இருந்தது. "நீங்க முன்னால முன்னால போய்க்கிட்டே இருந்தீங்க. என்னையவே பாத்துக்கிட்டு போனீங்க. நான் கூப்புட்டேன், ஒங்களுக்குக் கேக்கல."

"வந்துட்டல்ல, தாயி" என்றான்.  உயிரோடு இருக்கிறாளே என்ற சந்தோஷமும், இது யார் என்ற பயமும் ஒரே சமயத்தில் வந்தன. அவளைக் கட்டிக்கொண்டான். அவன் தூக்கிப் பழகிய கனம் இல்லை அது.

அலமாரியில் போன் அடித்தது. காலையிலிருந்து ஐம்பது தடவை அடித்திருந்தது. மாவுக் கையாலேயே எடுத்தான். சுகந்தியின் முகம் அழுது வீங்கியிருந்தது. "வந்துட்டாளா? சொல்லுங்க, வந்துட்டாளா?"

"வந்துட்டா."

அவள் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே குனிந்து எதையோ எடுத்துத் திரைக்கு முன்னால் நீட்டினாள். பூப்போட்ட ஒரு ஜோடிச் சின்னச் செருப்பு. "இந்த வீட்டுப் பொண்ணுகிட்டச் சொல்லி வாங்கி வச்சேன். எங்கையி அளவுதான். எங்க, பாப்பாவக் காட்டுங்க. என்ன நீங்க, செவத்தக் காட்டிக்கிட்டு நிக்கீங்க? பாப்பாவக் காட்டுங்க."

நம்பி போனைத் திருப்பவில்லை. அன்றைக்குக் கடல் பக்கம் திருப்பியதைப்போல இந்தப் பக்கம் திருப்பினால் போதும், அந்தத் திருப்பத்துக்கு அவன் கை வரவில்லை.

"அம்மாவாப்பா?" அவள் எழுந்து வந்து, அவன் கையிலிருந்து போனை வாங்கித் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "ரெண்டு வருசத்துல வந்துருவேன்னு சொன்னீங்க. நடந்து நடந்து ஆறு வருசம் ஆச்சும்மா. எப்ப வருவீங்க?"

 செருப்பு சுகந்தியின் கையிலேயே இருந்தது. "காலக் காட்டு" என்றாள்.

பெண் போனைத் தாழ்த்தித் தன் பாதத்துக்கு நேராகப் பிடித்தாள். அடியிலும் விரலிடுக்கிலும் அரிசி மாவு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. மஸ்கட்டில் சுகந்தி செருப்பைக் கீழே வைத்தாள், கையை இறுக்க மூடினாள், திரையில் தெரிந்த பாதத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். கை போதவில்லை. இன்னொரு கையையும் மூடிப் பக்கத்தில் வைத்தாள்.